ஜப்பானுக்குப் புதிதா? இங்குள்ள அரசியலமைப்பில் நமக்கு எது உண்டு, எது இல்லை

கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறையில் மே 3 விடுமுறை எதற்கு என்று கேட்டால், இங்கே பல ஆண்டுகள் இருப்பவர்களே முழிப்பார்கள். ஜப்பானின் இப்போதைய அரசியலமைப்புச் சட்டம் 1947இல் நடைமுறைக்கு வந்த நாள் அது. மொத்தமே 103 பிரிவுகள்தான், ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். இந்தியாவில் நூறு தடவைக்கு மேல் திருத்தியாயிற்று. இங்கே இன்றுவரை ஒரு திருத்தம்கூட நடக்கவில்லை. திருத்த வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதற்குமேல் மக்கள் வாக்கெடுப்பிலும் ஜெயிக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் இதன் அடிப்படைகளாக மூன்றைச் சொல்வார்கள்: மக்களிடமே இறையாண்மை, அடிப்படை மனித உரிமைகள், அமைதி. பேரரசர் நாட்டின் சின்னம் மட்டுமே, ஆட்சியில் அவருக்கு அதிகாரம் கிடையாது. 9ஆம் பிரிவு போரையே துறக்கிறது. அப்படியிருந்தும் 1954 முதல் தற்காப்புப் படை இருக்கிறது. இது எப்படிப் பொருந்தும் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அலுவலக விருந்தில் இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காமல் இருப்பது நல்லது.

அந்த மூன்றில் நமக்கு வேண்டியது இரண்டாவது, அதாவது அடிப்படை உரிமைகள். பேச்சுரிமை, மத உரிமை, சமத்துவம் எல்லாம் வெளிநாட்டவருக்கும் உண்டா? இதற்கு விடை 1978இல் வந்த மெக்லீன் தீர்ப்பில் இருக்கிறது. ரொனால்ட் மெக்லீன் என்ற அமெரிக்கர் 1969இல் ஆங்கிலம் கற்பிக்க வந்தார். வந்த சில வாரங்களிலேயே அனுமதி வாங்காமல் வேறு இடத்துக்கு வேலை மாறினார், வியட்நாம் போருக்கு எதிரான கூட்டங்களிலும் கலந்துகொண்டார். அடுத்த வருடம் விசாவை நீட்டிக்கப் போனபோது இந்த இரண்டையும் காட்டி மறுத்துவிட்டார்கள். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, உச்ச நீதிமன்றம் நிற்கவில்லை. குடிமக்களுக்கு மட்டுமே பொருந்தக்கூடியவை தவிர மற்ற அடிப்படை உரிமைகள் வெளிநாட்டவருக்கும் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் நாட்டுக்குள் வரவோ தொடர்ந்து இருக்கவோ வெளிநாட்டவருக்கு உரிமை கிடையாது, உரிமைகள் எல்லாம் விசா என்ற வரம்புக்குள்தான் என்றும் சொல்லிவிட்டது. அதாவது ஊர்வலத்தில் நடந்ததற்காக உங்களைச் சிறையில் போட முடியாது. ஆனால் அடுத்த விசா நீட்டிப்பின்போது அதை முடிவெடுக்கும் அமைச்சர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய தீர்ப்பு என்பது என் எண்ணம். ஆனாலும் இன்றுவரை அதுதான் நடைமுறை.

ஆகவே ஐ.டி. வேலைக்கு வந்திருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். கம்பெனி மாறினால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு மாறினாலும் அதே 14 நாள், அதை வார்டு ஆபீஸில் (உள்ளூர் நகராட்சி அலுவலகம்) பதிய வேண்டும்.

ஓட்டுரிமை நமக்கு இல்லை, பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கியவருக்கும் இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் பி.ஆர்.காரர்களுக்குச் சட்டம் போட்டு ஓட்டுக் கொடுத்தால் அது அரசியலமைப்புக்கு விரோதமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. ஆனால் அப்படி ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் இன்னும் போடவில்லை. தேசிய ஓய்வூதியத்தில் இருந்த குடியுரிமை நிபந்தனை 1982லேயே போய்விட்டது. அதனால்தான் 20 வயதிலிருந்து நம்மிடமும் சந்தா கேட்கிறார்கள்.

அப்புறம் போலீஸ். 16 வயது ஆனவர்கள் வெளியே போகும்போது சைர்யூ கார்டை (வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டை) கையில் வைத்திருக்க வேண்டும். போலீஸ்காரர் கேட்டால் காட்டியாக வேண்டும், மறுப்பது குற்றம். ஆனால் ரயில் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி எங்கே போகிறாய், பையில் என்ன என்று கேட்பதற்கு ஒத்துழைப்பது சட்டப்படி உங்கள் விருப்பம். கார்டைக் காட்டிவிட்டு, பைக்கு மரியாதையாக மறுப்புச் சொல்லலாம். நடைமுறையில் சட்டென்று விடமாட்டார்கள், பொறுமை வேண்டும்.

கைதானால் நிலைமை வேறு. குற்றச்சாட்டுப் பதிவாகும் முன்பே, நீதிபதியின் அனுமதியோடு 23 நாள் வரை காவலில் வைக்க முடியும். வாய் திறக்காமல் இருக்கும் உரிமையை 38ஆம் பிரிவும், வக்கீல் வைக்கும் உரிமையை 34ஆம் பிரிவும் தருகின்றன. இவை உங்களுக்கும் பொருந்தும். ‘தோபான் பெங்கோஷி’ (முறைப்பணியில் இருக்கும் வக்கீல்) வேண்டும் என்று கேளுங்கள். வக்கீல் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார், முதல் தடவை இலவசம். புரியாத ஜப்பானிய வாக்குமூலத்தில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள்.

வாடகை வீடு தேடும்போது ‘வெளிநாட்டவருக்குத் தருவதில்லை’ என்பதைப் பெரும்பாலும் கேட்டே தீருவீர்கள். 14ஆம் பிரிவின் சமத்துவம் நேரடியாகக் கட்டுப்படுத்துவது அரசைத்தான், வீட்டுக்காரரையோ கடைக்காரரையோ அல்ல. அதற்காக வழியே இல்லை என்று ஆகிவிடாது. ஹமமாட்சு நகரில் ஒரு நகைக்கடையில் அனா போர்ட்ஸ் என்ற பிரேசில் பத்திரிகையாளரின் நாட்டை விசாரித்து, தெரிந்ததும் வெளியே போகச் சொன்னார்கள். அவர் வழக்குப் போட்டார். 1999இல் நீதிமன்றம், ஜப்பான் சேர்ந்திருந்த இனப்பாகுபாட்டு ஒழிப்பு ஒப்பந்தத்தை அளவுகோலாக வைத்து, 15 லட்சம் யென் இழப்பீடு தரச் சொன்னது. எல்லோரும் கோர்ட்டுக்குப் போக முடியாதுதான். சட்ட ஆலோசனைக்கு ஹோதெராசு என்ற அரசு சார்ந்த அமைப்பு இருக்கிறது, ஆங்கிலத்திலும் பேசலாம்.

குழந்தை இங்கே பிறந்தால் ஜப்பான் குடியுரிமை கிடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். குடியுரிமையை யாருக்குத் தருவது என்பதை 10ஆம் பிரிவு சாதாரணச் சட்டத்திடம் விட்டிருக்கிறது. அந்தச் சட்டம் பெற்றோரைத்தான் பார்க்கிறது, பிறந்த இடத்தை அல்ல. 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் பிறப்பைப் பதிந்து, 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் குழந்தைக்கும் விசா நிலை கேட்டு விண்ணப்பியுங்கள். பள்ளி விஷயமும் இப்படித்தான். கட்டாயக் கல்வி என்பது குடிமக்களின் பிள்ளைகளுக்கு. நாம் கேட்டால் நம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள், அரசுப் பள்ளியில் கட்டணமும் கிடையாது, ஆனால் கேட்க வேண்டியது நாம்தான். பிள்ளைக்கு ஆறு வயது நெருங்கும்போது பல ஊர்களில் சேர்க்கை பற்றிக் கடிதம் வரும். முழுக்க ஜப்பானியத்தில் இருக்கிறதே, ஏதோ விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.