பினாங்கு ஜலசந்தில பாய் ஏத்தணுமா? முதல்ல கழுத்த திருப்பிப் பழகுங்க

பாய்மரப் படகுன்னாலே எல்லாருக்கும் மனசுல ஒரே படம்தான். நீலக் கடல், வெள்ளைப் பாய், சுத்தி ஒரு ஆள் இல்ல. மலேசியாவுல பினாங்கு தீவுல இருக்கற ஜார்ஜ்டவுனுக்கும் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் நடுவுல இருக்கற தண்ணில இறங்கறதா இருந்தா அந்தப் படத்த வீட்லயே வச்சிட்டு வாங்க. இங்க கண்டெய்னர் கப்பல் வரும், ஃபெரி குறுக்க ஓடும், சுவெட்டன்ஹாம் பியர்லேர்ந்து அடுக்குமாடி வீடு மாதிரி க்ரூஸ் கப்பல் கிளம்பும், இழுவைப் படகு பின்னாடி பார்ஜ, அதாவது தட்டையான சரக்குப் படக, இழுத்துட்டு வரும், சம்பான்ங்கற சின்னப் படகுல மீன் பிடிக்கறவங்க இருப்பாங்க, இத்தனைக்கும் நடுவுல எஞ்சின ஆஃப் பண்ணிட்டு காத்த நம்பி நாம நிப்போம். நானும் மச்சானும் ஒரு பழைய 24 அடி படகு சேர்ந்து வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, மொத வருஷம் முழுக்க நாங்க கடல்ல பேசினத எழுதினா சென்சார் ஆயிடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி காத்தப் பாக்கறத விட தண்ணியப் பாருங்க. இங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ வத்தும், தீவுக்கும் கரைக்கும் நடுவுல இடம் குறுகிப் போறதால நீரோட்டம் நல்லாவே இழுக்கும், அமாவாசை பௌர்ணமி பக்கத்துல இன்னும் ஜாஸ்தி. கணக்கு சிம்பிள்தான். உங்க படகு 3 நாட் போகுது (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்), எதிர்ல தண்ணி 2 நாட் வருதுன்னா நீங்க போறது 1 நாட், அதாவது கரையில பாட்டி நடக்கறதுல பாதி. நாங்க ஒரு ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரம் பாய இழுத்து இழுத்து கை வலிக்க ஓட்டிட்டுத் திரும்பிப் பாத்தா அதே மசூதி, அதே கோபுரம், அதே இடத்துல நிக்குது. டைட் டேபிள், அதாவது தண்ணி ஏறி வத்தற நேர அட்டவணை, பாக்காம வந்ததுக்கு கூலி அது. போகும்போது எதிர் ஓட்டம், வீட்டுக்குத் திரும்பும்போது கூடவே வர்ற ஓட்டம், அந்த மாதிரி நேரம் வச்சிக்கோங்க, களைச்சிப் போன நேரத்துல தண்ணியே தள்ளி விட்டுடும்.

காத்து விஷயத்துல இங்க வில்லன் யாருன்னா பினாங்கு மலை. 833 மீட்டர் உயரம். மேற்குலேர்ந்து கடல் காத்து வந்தா மலை அத வாங்கிட்டு நமக்கு மிச்சம் மீதிய அனுப்பும், அஞ்சு நிமிஷம் ஒன்னுமே இருக்காது, அப்புறம் டக்குனு ஒரு அடி அடிச்சி படகு சாயும். அதனால மெயின்ஷீட்ட, அதாவது பெரிய பாய இழுத்துப் பிடிக்கற கயித்த, கட்டிப் போட்டுட்டு கரிபாப் சாப்புடற வேலையெல்லாம் வேணாம், கையிலயே இருக்கட்டும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். 10 நாட்ல வர்ற கப்பல் ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர், 6 நிமிஷத்துல தாண்டிடும். அந்த 6 நிமிஷத்துல 3 நாட்ல போற நீங்க அறநூறு மீட்டர் கூட போயிருக்க மாட்டீங்க. "தூரத்துலதானே இருக்கு" ன்னு நினைக்கறப்பவே லேட்டு. அது மோதுமா மோதாதான்னு பாக்க ஒரு வழி இருக்கு, உக்காந்த இடத்துலேர்ந்து அசையாம, படகுல இருக்கற ஏதாவது கம்பிக்கு நேரா அந்தக் கப்பல வச்சிப் பாருங்க, நீங்க அதே திசையில போயிட்டே இருக்கணும். ரெண்டு நிமிஷம் கழிச்சி கப்பல் கம்பிக்கு முன்னாடியோ பின்னாடியோ நகந்திருந்தா பெரும்பாலும் தப்பிச்சீங்க, ரொம்பக் கிட்ட இருந்தா அப்பவும் நம்பாதீங்க. அதே கம்பிக்கு நேரா நின்னுகிட்டு உருவம் மட்டும் பெருசாயிட்டே வந்தா மோதப் போறீங்கன்னு அர்த்தம். அப்ப திரும்புங்க, சீக்கிரமா, பெருசா திரும்புங்க. கொஞ்சம் கொஞ்சமா திருப்பினா மேல இருக்கற கேப்டனுக்கு நீங்க என்ன பண்றீங்கன்னே தெரியாது.

"மோட்டார் கப்பல்தானே பாய்க்கு ஒதுங்கணும்" ன்னு சட்டம் பேசறவங்க வருவாங்க. 1972 சர்வதேச கடல் விதில 9-வது விதியப் படிங்க, குறுகலான சேனல்ல, அதாவது கப்பல் போற பாதையில, மட்டுமே போக முடிஞ்ச கப்பலுக்கு பாய்ப் படகும் 20 மீட்டருக்குக் கம்மியான படகும் இடைஞ்சல் பண்ணக் கூடாது. அஞ்சு தடவ சின்னச் சின்னதா ஹார்ன் கேட்டா அது உங்களத்தான், "என்ன பண்றே நீ" ன்னு கேக்கறாங்க. நாங்க என்ன செய்வோம்னா சேனல் ஓரத்தக் காட்டற மிதவை, அதான் போயா, அதுக்கு வெளிப்பக்கமாவே போவோம், எங்க படகுக்கு 1.2 மீட்டர் ஆழம் போதும், பெரிய கப்பல் அங்க வரவே முடியாது. போயா கலர் ஞாபகம் இருக்கட்டும், வெளியிலேர்ந்து துறைமுகத்துக்குள்ள வரும்போது சிவப்பு இடது கை, பச்சை வலது கை. அமெரிக்கா வீடியோ பாத்து கத்துக்கிட்டவங்க இத அப்படியே தலைகீழா வச்சிருப்பாங்க. சார்ட்டும், அதாவது கடல் வரைபடமும், புதுசா இருக்கணும், தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடலத் தூத்து நெலமாக்கிட்டாங்க, பழைய சார்ட்டுல அங்க தண்ணின்னு போட்டிருக்கும்.

ஃபெரி வேற கதை. முன்னாடி இருந்த பழைய ஃபெரிக்கு ரெண்டு பக்கமும் முகம், திரும்பாமயே போகும் வரும், மெதுவா, ஆன மாதிரி. 2023 ஆகஸ்ட்ல வந்த புது ஃபெரி வேகம், பத்து நிமிஷத்துல அக்கரைக்குப் போயிடும். அதுக்கு முன்னாடி குறுக்க போகாதீங்க, பின்னாடி போங்க. பின்னாடி போறது தோல்வி இல்ல பாஸ்.

மத்தது சட்டுனு சொல்லிடறேன். ரெண்டு பாய்ப் படகு எதிர்ல வந்தா, காத்த இடது பக்கம் வாங்கறவர் ஒதுங்கணும், ரெண்டு பேரும் ஒரே பக்கம் வாங்கினா காத்து வர்ற பக்கம் இருக்கறவர் ஒதுங்கணும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கணும், பைக்குள்ள வச்சிருக்கறது போட்டதா ஆகாது. விஎச்எஃப் ரேடியோல சேனல் 16, ஆபத்துன்னா கூப்பிடற சேனல், எப்பவும் ஆன்ல.

வலை பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நான் பட்டிருக்கேன். புலாவ் தீக்குஸ்ங்கற குட்டித் தீவு தாண்டி சாயங்காலம் காத்து செத்துப் போச்சு, எஞ்சின் போட்டேன், அரை நிமிஷத்துல "கடக்" னு நின்னுடுச்சு. ப்ரொப்பெல்லர்ல வலை. மிதவை என்னன்னா ஒரு மினரல் வாட்டர் பாட்டில், வெயில் எதிர்ல அடிக்கறப்ப யாருக்குத் தெரியும். மச்சான் கத்திய வாய்ல கடிச்சிட்டு தண்ணில குதிக்க ரெடி, அதுக்குள்ள ஒரு சம்பான்ல வயசான மலாய் பாக் சிக் (பெரியவர்) ஒருத்தர் வந்துட்டார். திட்டப் போறார்னு நினைச்சேன். ஒரு வார்த்த பேசல, முடிச்சு முடிச்சா அவரே பிரிச்சாரு, முக்கா மணி நேரம். அறுந்ததுக்கு நூத்தம்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன், அம்பது திருப்பிக் கொடுத்துட்டாரு. அன்னிலேர்ந்து கொடி கட்டின மூங்கில், வெள்ளை ஃபோம், பாட்டில் எது மிதந்தாலும் இன்னொன்னு எங்க இருக்குன்னு தேடுவேன், ரெண்டுக்கும் நடுவுலதான் வலை. விதிப்படியும் வலை போட்டுட்டு இருக்கற படகுக்கு நாமதான் ஒதுங்கணும்.

பாத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம் சனி ஞாயிறு போகாதீங்க, ஜெட் ஸ்கியும் பனானா போட்டும் எந்த விதில ஓடுதுன்னு ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இவ்ளோ தொல்லைக்கு எதுக்குடா போறேன்னு வீட்ல கேப்பாங்க. வெள்ளிக்கிழம சாயங்காலம் பினாங்கு பாலத்துக்கு அடியில போய்ப் பாருங்க, கப்பல் போற நடு ஸ்பான்ல. கிட்ட போகப் போக மாஸ்ட், அதான் பாய்மரம், இடிச்சிடும்னே தோணும், எத்தன தடவ போனாலும் வயித்துக்குள்ள ஒரு மாதிரி ஆகும், இடிக்காது. மேல ரெண்டு பக்கமும் ஜாம், ப்ரேக் லைட் சிவப்பா வரிசை கட்டி நிக்கும், கீழ நாங்க 4 நாட்ல சத்தமில்லாம தாண்டிட்டிருப்போம். தெற்கால புலாவ் ஜெரஜாக் தெரியும், அந்தக் காலத்துல கப்பல்ல வந்தவங்கள இறக்கி தனியா வச்சிருந்த தீவு. எங்க தாத்தா ராஜுலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேர்ந்து இதே தண்ணிக்குத்தான் வந்தாரு, டெக்குல படுத்துகிட்டு. மச்சான் ஒவ்வொரு தடவயும் அந்த எடத்துல பேச்ச நிறுத்திடுவான், நானும் ஏன்னு கேட்டதில்ல.

ஒன்னு மறந்துட்டேன், ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் விடிகாலைல சுமத்ரா காத்து வரும். மேற்குல கருப்பா வளைஞ்ச மேகம், காத்து திடீர்னு நின்னு அப்புறம் ஜில்லுனு 40 நாட் கூட அடிக்கும். ஜலசந்திக்குள்ள இருந்தா மலை மறைக்கறதால அந்த மேகம் கண்ணுக்கே தெரியாது, மெட்மலேசியா, அதாவது மலேசிய வானிலைத் துறையோட ரேடார அஞ்சு மணிக்கே திறந்து பாத்துடுங்க. செவப்பு கோடு தெரிஞ்சா திரும்பப் படுத்துடுங்க, இல்லன்னா எட்டு மணிக்கு நாசி கண்டார் சோறு தப்பாவ் (பார்சல்) பண்ணிட்டு ஜெட்டிக்கு வாங்க.