தோட்டக் குப்பையை எரிப்பதற்கு முன்னும் பின்னும்

முதல் வேலை அனுமதி. சீட்டு கையில் இருந்தாலும், எரிக்கும் அன்று காலை தீயணைப்புத் துறையிடம் மறுபடி கேளுங்கள். காற்றையும் ஈரப்பதத்தையும் பார்த்து அன்றைக்கு மட்டும் தடை போட்டிருக்கலாம்.

குவியல் 4 அடி அகலம், 4 அடி உயரத்தைத் தாண்ட வேண்டாம். சுற்றிலும் குறைந்தது 10 அடிக்குப் புல், சருகு எல்லாம் செதுக்கி வெறும் மண் தெரிய வேண்டும். மேலே கிளையோ மின்கம்பியோ கூடாது. பச்சைக் கிளை புகைந்துகொண்டே கிடக்கும். நன்றாகக் காய்ந்ததை மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக், டயர், பெயின்ட் அடித்த மரம் கூடவே கூடாது. பெட்ரோலும் வேண்டாம்: அதன் ஆவி தரையோடு பரவி, தீக்குச்சி உரசியதும் ஆள்மீதே பற்றும்.

தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்து, மண்வெட்டியையும் பக்கத்தில் வைத்த பிறகே பற்ற வையுங்கள். காற்று எழுந்தால் பாதியிலேயே அணைத்துவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது அணைப்பதில்தான். மேலே சாம்பல் வெளுத்து ஆறியதுபோல் தெரியும். அடியில் கங்கு நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, அடிவரை கிளறி, மறுபடி ஊற்றுங்கள். 'உஸ்' சத்தம் நின்று சாம்பல் சேறாக வேண்டும். புறங்கையை அருகே காட்டும்போது சூடு தட்டினால் இன்னொரு சுற்று. மறுநாளும் போய்க் கிளறிப் பாருங்கள்.