விண்டோ செயலிக்குள் பைத்தான் ஷெல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் ஜூரோங்கில் எங்கள் அலுவலகத்துக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் வேலைப் பயிற்சிக்கு வருகிறார்கள். பைகியூட்டியில் (விண்டோ வரையும் 'கியூட்டி' நூலகத்தைப் பைத்தானிலிருந்து பயன்படுத்தும் வழி) எழுதிய செயலி ஓடும்போதே, தட்டிய கட்டளையை உடனே இயக்கும் ஒரு பைத்தான் ஷெல்லை அதற்குள் திறந்து, பட்டனையும் அட்டவணையையும் மாற்றிப் பார்க்க அவர்களுக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் அந்த வயதில் நாங்கள் செய்த கோளாறுகளையே அவர்களும் செய்கிறார்கள். இண்டென்ட், இம்போர்ட் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை உடனே தெரிந்துவிடும்.

ஷெல்லைத் தனி திரெட்டில் ஓட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. திரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை. கிளிக், விசை போன்றவற்றைக் கவனிக்கும் ஈவென்ட் லூப் தொடங்கிவிட்டால், செயலியை மூடும்வரை மெயின் திரெட் அதிலேயே இருக்கும். அப்போது ஷெல் எங்கே ஓடும்? இன்னொரு திரெட்டில் போட்டுவிடுகிறார்கள். லேபிளின் எழுத்தை மாற்றினால் மாறவும் செய்கிறது. அதனால்தான் நம்பிவிடுகிறார்கள்.

பட்டன், அட்டவணை போன்ற கியூட்டி விட்ஜெட்டுகளை மெயின் திரெட் மட்டுமே தொடலாம். அது அட்டவணையை வரையும் நொடியில் ஷெல் ஒரு வரிசையை நீக்கினால் செயலி விழுந்துவிடலாம். பிழை எந்த வரியில் என்று காட்டும் வழக்கமான ட்ரேஸ்பேக் வராது. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற ஒரு வரியோடு சரி. அதுவும் எப்போதாவதுதான். ஒரு தம்பி சோதனைக்காகப் போட்ட இந்தத் திரெட், வாடிக்கையாளருக்குப் போன பதிப்பிலும் தங்கிவிட்டது. அட்டவணை நிரலைச் சந்தேகப்பட்டோம், கருவியின் டிரைவரைச் சந்தேகப்பட்டோம், வாரக்கணக்கில் தூக்கம் போனது. "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடிச்சு அண்ணே" என்றார். அவர் சொன்னது உண்மை. இந்தத் தவறு அப்படித்தான் ஒளிந்திருக்கும்.

ஐபைத்தான் என்ற மேம்பட்ட பைத்தான் ஷெல்லின் பழைய பதிப்புகளிலும் திரெட்டை நம்பிய ஆப்ஷன்கள் இருந்தன. 2011-இல் வந்த 0.11 பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், ப்ராம்ட் உங்கள் விசைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அதே திரெட்டிலேயே ஈவென்ட் லூப் சுழல்கிறது. டெர்மினலில் வேலை செய்தால் ஐபைத்தானின் 'ஜியுஐ' மேஜிக் (% குறியோடு தொடங்கும் சிறப்பு) கட்டளையைக் கொடுங்கள். அப்புறம் ஈவென்ட் லூப்பைத் தொடங்கும் 'எக்ஸெக்'கை நீங்களாக அழைக்காதீர்கள், ப்ராம்ட் திரும்பி வராது. செயலிக்குள்ளேயே ஷெல் வேண்டுமென்றால் அதையும் ஒரு விட்ஜெட்டாக வையுங்கள். விண்டோ வரையும் இன்னொரு நூலகமான டபிள்யூஎக்ஸ்பைத்தானோடு வரும் பைகிரஸ்ட் ஷெல் அப்படித்தான். கியூட்டிக்குக் கியூட்டிகன்சோல் இருக்கிறது. இன்னொரு திரெட் வேண்டியே ஆக வேண்டும் என்றால், அது வரியை வாசிக்க மட்டும் இருக்கட்டும். வாசித்த வரியைச் சிக்னலில் (கியூட்டியின் அறிவிப்பு முறை) அனுப்பி, மெயின் திரெட்டில் உள்ள கியூஆப்ஜெக்ட்டின் மெத்தடில் இயக்குங்கள்.

ஷெல்லில் நீண்ட லூப்

விண்டோ உறைந்துவிடும். கணக்கு வேலையை மட்டும் வேறு திரெட்டுக்கு அனுப்புங்கள்.

நீக்கியும் போகாத விண்டோ

பெயரை நீக்கும் 'டெல்' போட்ட பிறகும் விண்டோ நினைவகத்தில் இருந்தால், ஐபைத்தானின் 'அவுட்' பட்டியலைப் பாருங்கள். விண்டோவின் பெயரை மட்டும் ஒருமுறை தட்டி என்டர் அழுத்தியிருந்தாலே போதும், அது அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். 'எக்ஸ்டெல்' மேஜிக் அந்தப் பிடியையும் சேர்த்து விடுவிக்க முயலும். வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டால் முதலிலேயே சேராது.

ஸ்லாட்டில் பிழை

பைகியூட்டி 5.5 முதல், ஸ்லாட்டுக்குள் (சிக்னல் வந்ததும் ஓடும் மெத்தட்) பிடிக்கப்படாத எக்செப்ஷன் வந்தால், அத்தகைய பிழைகளைக் கையாளும் உங்கள் சொந்த 'எக்செப்ட்ஹூக்' இல்லாதபோது செயலியே நின்றுவிடும், ஷெல்லில் தட்டியது அத்தனையும் போய்விடும். அதனால் ஷெல் தொடங்கும்போதே அந்த ஹூக்கை அமைத்துவிடுங்கள்.

மாட்யூலை ரீலோட் செய்வது

மாட்யூலைத் திருத்தி ரீலோட் செய்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோ பழைய கிளாஸிலேயே இருக்கும். மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள்.