கட்டுச்சோற்றுக்கு அடோபோ, ஏறுவதற்குப் புலாக் மலை

செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. பிலிப்பைன்ஸின் மலைநகரமான பாகியோவிலேயே தங்கிவிட்டேன். சும்மா படுத்துக் கிடப்பதற்குப் பதில் இரண்டு வேலை கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒன்று, ஒரு மலை ஏறுவது. இன்னொன்று, வீட்டுக்காரம்மா செய்யும் அடோபோவை, அதாவது வினிகரும் சோயா சாஸும் ஊற்றி வேகவைக்கும் கறியை, நானே செய்வது. அவரைத் தீத்தா என்றுதான் கூப்பிடுவோம், அத்தை மாதிரி. இரண்டையும் தனித்தனி வேலை என்றுதான் நினைத்திருந்தேன். "மலைக்குப் போகிறவனுக்கு அடோபோதான் பாவோன்" என்று தீத்தா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். பாவோன் என்றால் நம் கட்டுச்சோறுதான். நாம் புளியை நம்புகிறோம், இவர்கள் வினிகரை நம்புகிறார்கள்.

படி 1: மலையைப் பேசி முடியுங்கள்

புலாக், லூசோன் தீவிலேயே உயரமான மலை. 2,928 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட ஏறக்குறைய 300 மீட்டர் கூடுதல். உயரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். போகோட் பக்கமிருந்து ஏறும் அம்பாங்கெக் வழியில் கயிறும் கொக்கியும் தேவையில்லை, நடக்கத் தெரிந்தால் போதும். அகீகி வழியில் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் முதல் தடவைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது செங்குத்து.

தேசியப் பூங்கா என்பதால் முன்பதிவு வேண்டும், மருத்துவச் சான்றிதழ் வேண்டும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தைத் தவிருங்கள்.

படி 2: காலைப் பழக்குங்கள்

மூன்று வாரம், தினமும் மாடிப்படி. கடைசி வாரத்தில் முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு. அவ்வளவுதான். பாகியோவே 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எனக்குக் கொஞ்சம் சலுகை. மணிலாவிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் முன்னதாக வந்து பாகியோவில் தங்கிவிட்டுப் போவது நல்லது.

படி 3: அடோபோ

முதலில் பாத்திரம். எஃகு அல்லது மண்சட்டி. நான் முதல் தடவை பழைய அலுமினியச் சட்டியில் செய்தேன். புளிப்பு அலுமினியத்தைத் தின்று, குழம்பில் தகர வாடை வந்துவிட்டது.

எலும்போடு கோழித் தொடையும் காலும் சேர்த்து ஒரு கிலோ. வினிகர் அரை கப், சோயா சாஸ் கால் கப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு முழுப் பூண்டு, மிளகு ஒரு டீஸ்பூன், லாரல் இலை (பே லீஃப்) மூன்று, தண்ணீர் ஒரு கப். பூண்டை நசுக்கினால் போதும், மிளகைப் பொடிக்க வேண்டாம். உப்பு இப்போது வேண்டாம், சாஸிலேயே இருக்கிறது.

இங்கே கரும்பு வினிகரோ தென்னை வினிகரோ ஊற்றுவார்கள். நம்மூர்க் கடையில் தண்ணீர் மாதிரி இருக்கும் செயற்கை வினிகர் கடுமையானது. அதில் செய்தால் அளவைக் குறையுங்கள். நம் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலை வேறு மரத்து இலை. இருந்தாலும் போடலாம், லேசான பட்டை வாசனை வரும். தீத்தாவுக்குச் சொல்லாமல் ஒரு தடவை போட்டேன், கண்டுபிடிக்கவில்லை.

எல்லாவற்றையும் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வரும்வரை மூடவும் கூடாது, கிண்டவும் கூடாது. கிண்டினால் வினிகர் பச்சையாகவே நின்றுவிடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் சட்டம். கிண்டுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மூடாமல் கொதிக்கவிட்டால் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை ஆவியோடு போய்விடுவது உண்மை. அப்புறம் தணலைக் குறைத்து, மூடி, அரை மணி நேரம்.

வீட்டில் சாப்பிடுவதென்றால் இதோடு இறக்கிவிடலாம். மலைக்கென்றால் இன்னும் ஒரு வேலை பாக்கி. கறியைத் தனியே எடுத்து எண்ணெயில் சிவக்க வறுங்கள். குழம்பைப் பாதிக்கு மேல் சுண்டவிட்டு, அதில் ஒரு கரண்டிக் குழம்பைத் தனியே எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மீதியில் கறியைப் புரட்டினால் துண்டைச் சுற்றிப் பசை போல ஒட்டும். நீர் குறையக் குறையத்தான் தாங்கும்.

படி 4: பொட்டலம்

வாழையிலையை அனலில் வாட்டி, சோறும் கறியும் வைத்து மடித்துக் கட்டுங்கள். இங்கே இதற்குப் பினாலோட் என்று பெயர். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அடோபோ தாங்கும், சோறு தாங்காது. சூட்டோடு கட்டினால் புழுங்கிவிடும். புறப்படும் முன் வடித்து, தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். அரிசி வேகும்போதே ஒரு ஸ்பூன் வினிகர் விடுகிறவர்களும் உண்டு. எப்படியும் அன்று காலையே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

மேலே போய்ச் சூடாகச் சமைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். 2018 ஜனவரியில் மலையேறிகள் கொண்டுபோன கேஸ் அடுப்பிலிருந்து கிளம்பிய தீ புலாக்கின் புல்வெளியில் பரவியது. உச்சியைச் சுற்றி இருப்பது குட்டை மூங்கிலும் புல்லும், காற்றும் ஓயாது. அடுப்பு வேண்டாம்.

படி 5: ஏற்றம்

சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டிக் கிளம்ப வேண்டும். முதலில் பைன் காடு, அடுத்துப் பாசி படர்ந்த காடு, கடைசியில் மரமே இல்லாத புல்வெளி. குளிர் அங்கேதான் பிடித்து உலுக்கும். ஜனவரி, பிப்ரவரியில் பூஜ்யத்தை ஒட்டிக்கூட இறங்கும். தலைவிளக்கின் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை வேர்வையில் நனைந்தால் காயாது, அதைப் போடாதீர்கள். தலைவலி வந்தால் வேகத்தைக் குறையுங்கள். கூடவே வாந்தி வருகிற மாதிரி இருந்தால் வழிகாட்டியிடம் சொல்லி இறங்கிவிடுங்கள்.

இறந்துபோன முன்னோர் இந்த மலையில்தான் தங்கியிருக்கிறார்கள் என்பது இந்தப் பகுதிப் பழங்குடிகளான இபலோய் மக்களின் நம்பிக்கை. உச்சியில் கூச்சலும் பாட்டும் வேண்டாம்.

காலடியில் மேகம் கடல் மாதிரி விரிந்து கிடக்க, பொட்டலத்தைப் பிரித்தேன். கறியைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது! அடுத்த தடவை தோலை உரித்துவிட்டுத்தான் சமைத்தேன். நீங்கள் முதல் தடவையே அப்படிச் செய்யுங்கள். எலும்பும் இலையும் ஒரு பையில் கட்டி உங்களோடு கீழே வர வேண்டும்.

படி 6: மறுநாள்

கால் மடங்காது. மெதுவாகச் சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜில் வைத்த பழைய சோற்றைப் பூண்டு தாளித்து வறுங்கள். இங்கே இதன் பெயர் சினாங்காக். எடுத்து வைத்த அந்த ஒரு கரண்டிக் குழம்பும் ஃபிரிட்ஜில்தானே இருக்கிறது, அதைச் சூடாக்கி மேலே ஊற்றி, ஒரு முட்டை பொரித்து வைத்துச் சாப்பிடுங்கள்.