இருபது இருக்கைகளும் ஒரு தரவுத்தளமும்: முதல் சுற்றுலா நிர்வாக இணையத்தளத்தைக் கட்டும் முறை

சுற்றுலா நிர்வாகத்துக்கான இணையத்தளத்தைக் கட்ட முனையும் புதியவர் பெரும்பாலும் முகப்புப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறார். சிங்கப்பூர் மரினா பேயின் இரவு விளக்குகளைப் பெரிய படமாக இட்டு, அதன்மேல் எழுத்துகள் நகரும்படி செய்வதிலேயே சில வாரங்களைக் கழித்துவிடுகிறார். என் முதல் முயற்சியிலும் இதுவே நடந்தது. படங்கள் அழகாக நகர்ந்தன, ஆனால் அந்தத் தளத்தில் ஓர் இருக்கையைக்கூடப் பதிவுசெய்ய வழியில்லை. இருக்கை, பணம், வழிகாட்டி ஆகிய மூன்றின் கணக்கையும் தவறில்லாமல் வைத்திருப்பதுதான் இத்தகைய தளத்தின் வேலை என்பதால், முதல் நாளைத் தாளோடும் பென்சிலோடும் செலவிடுவது நல்லது.

சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்குத் தேக்கா நிலையத்தில் தொடங்கி, சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் முடியும் நடைச்சுற்றுலா ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதற்குத் தரவுத்தளத்தில், அதாவது தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்துவைக்கும் இடத்தில், ஒரே அட்டவணை போதும் என்று தோன்றும். போதாது. ‘சுற்றுலா’ என்ற அட்டவணையில் விளக்கமும் வழித்தடமும் விலையும் இருக்கும். ‘புறப்பாடு’ என்ற மற்றோர் அட்டவணையில் குறிப்பிட்ட ஒரு சனிக்கிழமையும், அன்றைய 20 இருக்கைகளும், அன்று வரும் வழிகாட்டியும் இருப்பார்கள். வாடிக்கையாளர் பதிவுசெய்வது புறப்பாட்டைத்தான். இவ்விரண்டையும் பிரிக்காமல் விட்டவர், மழையால் ஒரு வாரச் சுற்றுலாவை ரத்துசெய்ய நேரும்போது எல்லா வாரங்களையும் சேர்த்து அழித்துவிடுவார். இவற்றோடு வாடிக்கையாளர், முன்பதிவு, கட்டணம், வழிகாட்டி என நான்கு அட்டவணைகள் இருந்தால் தொடங்கிவிடலாம். தளத்தின் நிரலை எழுதப் பிஎச்பி மொழியும், தரவுத்தளத்துக்கு மைஎஸ்கியூஎல் மென்பொருளும் போதுமானவை. பைத்தான் மொழி தெரிந்தவருக்கு, அம்மொழியில் தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற கட்டமைப்பு இன்னும் எளிது, ஏனெனில் அலுவலகத்தார் தகவல்களைத் திருத்துவதற்கான நிர்வாகத் திரை அதனுடனேயே வந்துவிடுகிறது.

அடுத்தது, புதியவர்கள் பலர் தடுக்கி விழும் இடம். ஓர் இருக்கை மட்டும் மிஞ்சியிருக்கும்போது இருவர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று கொள்க. முதலில் எண்ணிக்கையைப் படித்து, இடமிருந்தால் பிறகு பதிவை எழுதும்படி நிரல் அமைந்திருந்தால், இருவருக்கும் இடம் இருப்பதாகவே தெரியும். சனிக்கிழமை காலை தேக்காவில் 21 பேர் நிற்பார்கள். படிப்பதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக்குவதே இதற்குத் தீர்வு: ‘பதிவான இருக்கைகளோடு கேட்ட இருக்கைகளைக் கூட்டினால் மொத்தத்தை மீறாது என்றால் மட்டும் கூட்டு’ என்று தரவுத்தளத்திடமே சொல்லி, அட்டவணையில் எத்தனை வரிசைகள் மாறின என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்று என்றால் இடம் கிடைத்தது. பூச்சியம் என்றால் இடமில்லை. பணம் கட்டி முடிக்கும்வரை இருக்கையைப் பத்து நிமிடங்கள் பிடித்துவைத்து, கட்டாதவரின் இருக்கையைத் திரும்ப விடுவிக்கும் ஏற்பாடும் தேவை. ரத்தான முன்பதிவை நீக்கிவிடாமல், அதன் நிலையை மட்டும் மாற்றுங்கள்.

பணத்தை வெள்ளியாக (சிங்கப்பூர் டாலராக)ப் புள்ளி வைத்துச் சேமிக்காமல் காசாக, முழு எண்ணாகச் சேமியுங்கள். புள்ளி வைத்த எண்களைக் கணினி வழக்கமாக இரும முறையில் தோராயமாகவே வைத்திருப்பதால், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. வரிக்குப் பதிவான நிறுவனம் 40 வெள்ளிச் சுற்றுலாவுக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்து 43.60 வெள்ளி வாங்கினால், தரவுத்தளத்தில் 4360 என்றிருக்க வேண்டும். வரி விகிதத்தையும் நிரலுக்குள் புதைக்கக் கூடாது. 2023இல் 8 விழுக்காடாக இருந்தது 2024 ஜனவரி 1 முதல் 9 ஆனது, ஆகவே ஒவ்வொரு முன்பதிவும் தனக்குரிய விகிதத்தைத் தன்னிடமே வைத்திருப்பது பாதுகாப்பானது. அட்டை எண்களை நீங்கள் தொடவே வேண்டாம். கட்டணச் சேவை நிறுவனத்தின் பக்கத்திலேயே அவை நிரப்பப்படட்டும். வாடிக்கையாளரின் உலாவி ‘நன்றி’ பக்கத்துக்குத் திரும்பியதை வைத்துப் பணம் வந்துவிட்டதாக முடிவுசெய்யாமல், அந்த நிறுவனத்தின் சர்வர் உங்கள் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள். ஒரே அறிவிப்பு இருமுறை வருவதும் உண்டு. இரண்டாவதால் எதுவும் மாறாதபடி எழுதுங்கள்.

பெயர்ப் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டாயக் கட்டங்களை வைப்பது நம்மவர்களைத் தினமும் எரிச்சலூட்டும் வழக்கம். குடும்பப்பெயர் இல்லாதவர் அங்கே புள்ளியை வைப்பார், அல்லது தந்தையின் பெயரைப் போடுவார். பிறகு எந்தப் பட்டியலிலும் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ‘முழுப்பெயர்’ என ஒரே கட்டம் போதும். அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே வேண்டாம்: சட்டம் கோரினாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்வது அவசியமானாலோ தவிர, நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது என்ற நெறிமுறை 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. நடைச்சுற்றுலாவுக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தாராளம்.

வழிகாட்டி அட்டவணையில் உரிம எண்ணுக்கும் அது காலாவதியாகும் நாளுக்கும் இடம் விடுங்கள். கட்டணம் பெற்றுப் பயணிகளுக்கு வழிகாட்டுபவர் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பதால், புறப்பாட்டு நாளுக்கு முன்பே உரிமம் முடிந்துவிடும் ஒருவரை அலுவலர் தேர்ந்தெடுக்கும்போது தளமே மறுக்கட்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, எப்போதும் சிங்கப்பூர் நேரத்தையே காட்டுங்கள். உலாவி தானாக மாற்றிக் காட்டினால், சென்னையிலிருந்து பதிவுசெய்யும் அத்தைக்குக் காலை 6.30 என்று தெரியும். அவர் விமானம் ஏறி இங்கு வந்தபின் அதே நேரத்துக்குத் தேக்காவில் தனியாக நிற்பார்.

தளத்தைத் திறந்துவிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு புறப்பாட்டில் 19 இருக்கைகளை நிரப்பிவிட்டு, நண்பர்கள் இருவரிடம் ஆளுக்கொரு கைப்பேசியைக் கொடுத்து, மூன்று எண்ணியதும் ஒன்றாக அழுத்தச் சொல்லுங்கள். இதைப் பத்து முறையாவது செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவருக்கு இடமும் மற்றவருக்கு மரியாதையான மறுப்பும் கிடைத்தால், மரினா பே படத்தை முகப்பில் ஏற்றத் தொடங்கலாம்.