முடிக்காமல் விடும் சிற்பம்: எங்கெல்லாம் தவறுகிறோம்?

முகம் மட்டும் மழமழவென்று இருக்கிறது, கழுத்துக்குக் கீழே வெறும் கல். இப்படி ஒரு சிற்பத்தைப் பார்த்ததும், கல்லுக்குள்ளிருந்து உருவம் வெளியே வரப் பார்க்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வேண்டுமென்றே முடிக்காமல் விடுவது சிற்பக்கலையின் மிக வலுவான உத்திகளில் ஒன்று. அதைப் புரிந்துகொள்வதிலும் கையாள்வதிலும் திரும்பத் திரும்ப நேரும் தவறுகள் சில உண்டு. செதுக்கிய பகுதிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட விட்ட பகுதிக்குக் கிடைப்பதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

உடைந்ததையும் கைவிட்டதையும் உத்தி என்று நினைப்பது

1820இல் கிரேக்கத்தின் மீலோஸ் தீவில் கிடைத்த வீனஸ் சிலைக்குக் கைகள் இல்லை. செய்தவர் கைகளோடுதான் செய்தார். இன்று நாம் ரசிக்கும் அந்தக் கையில்லாத அழகு காலத்தின் வேலை. எகிப்தின் அஸ்வான் குவாரியில் சுமார் 42 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்தூண் இன்னும் பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது. வேலை நடக்கும்போதே கருங்கல்லில் விரிசல் விட்டதால் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். மாமல்லபுரத்தின் வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் பாதியில் நின்றவைதான். மேல் தளங்கள் வடிவம் பெற்றிருக்க, கீழ்ப்பகுதி பாறையாகவே நிற்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்த முறையை அவற்றில் தெளிவாகப் பார்க்கலாம். அது பெரிய விஷயம்தான். அதற்கு மேல் ஓர் உட்பொருளை நாமாக அவற்றின் மேல் ஏற்றத் தேவையில்லை.

உடைந்தது, கைவிடப்பட்டது, திட்டமிட்டு விடப்பட்டது. ஒரு சிற்பத்தின் முன் நிற்கும்போது இந்த மூன்றில் எது என்று முதலில் கேட்டுக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உடைந்த இடத்தில் கல் தன் இஷ்டத்துக்குப் பிளந்திருக்கும். கைவிட்ட இடத்தில் அடுத்த கட்ட வேலைக்கான தயாரிப்பு தெரியும். திட்டமிட்டு விட்ட இடத்தில் உளி எங்கே நிற்க வேண்டும் என்று யாரோ யோசித்திருப்பது தெரியும்.

எல்லாவற்றுக்கும் மைக்கலாஞ்சலோவைச் சாட்சிக்கு அழைப்பது

புளோரன்ஸின் அக்காதெமியா காட்சியகத்தில் இருக்கும் நான்கு ‘கைதிகள்’ சிலைகளைத்தான் இந்த உத்திக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவார்கள். தலையைக் கல்லிலிருந்து பிடுங்க முடியாமல் திணறுவதுபோல் நிற்கும் உருவங்கள். ஆன்மா உடலில் சிறைப்பட்டிருப்பதைச் சொல்லத்தான் அவர் அப்படி விட்டார் என்ற விளக்கம் கூடவே வரும்.

கொஞ்சம் பொறுங்கள். இந்தச் சிலைகள் போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காகத் தொடங்கப்பட்டவை. 1505இல் பிரம்மாண்டமாகத் திட்டமிட்ட அந்தக் கல்லறை, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் சுருங்கிக்கொண்டே வந்து 1545இல் ஒரு வழியாக முடிந்தபோது இந்த நால்வருக்கும் அதில் இடமில்லை. நடுவே 1534இல் சிற்பி புளோரன்ஸை விட்டே போய்விட்டார். 1564இல் அவர் இறந்த பிறகு இவற்றைப் போபோலி தோட்டத்தில், சுண்ணாம்புப் பாறை வழிவதுபோல் செயற்கையாக அமைத்த ஒரு குகையின் மூலைகளில் வைத்தார்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தன. பாறையிலிருந்து பிறக்கும் மனிதர்களாக இவற்றைப் பார்க்கும் பழக்கத்துக்கு அந்தக் குகையும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, அப்படியானால் வெறும் மிச்சம் மீதி என்று தள்ளிவிடலாமா? அது எதிர்ப்பக்கத் தவறு. இத்தனை வேலைகளைப் பாதியில் விட்ட ஒருவர், அந்தப் பாதி நிலையில் இருக்கும் சக்தியைக் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று நம்புவது கடினம். அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் செய்யக்கூடியது உளித் தடங்களைப் படிப்பதுதான். இந்தச் சிலைகளுக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கூர் உளி உழுத இடங்களில் ஆழமான கோடுகள் தெரியும். அதற்கடுத்த கட்டமாகப் பல் உளி ஓடிய இடங்களில் நெருக்கமான மெல்லிய கோடுகள். அந்த மெல்லிய கோடுகள் நேராக ஓடுவதில்லை, தசை வளையும் பக்கம் வளைகின்றன. மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும்போதே வடிவம் முடிவாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அவர் கல்லை நாலாபுறமும் சமமாகக் குறைத்துக்கொண்டு வருபவர் இல்லை. முன்பக்கத்திலிருந்து உள்ளே போவார். அவரை நேரில் அறிந்து அவர் வரலாற்றை எழுதிய வசாரி இதற்கு ஓர் உவமை சொல்கிறார்: தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும் மெழுகு உருவத்தை மெல்ல மெல்ல மேலே தூக்கினால், உயர்ந்த பகுதிகள் முதலில் வெளியே தெரியும், மற்றவை பிறகு வரும். மார்பும் முழங்காலும் முன்னே வந்து நிற்க, முதுகு இன்னும் கல்லுக்குள் கிடப்பது இந்த வேலை முறையால். அதை மட்டும் வைத்துக்கொண்டு நோக்கத்தை நிரூபிக்க முடியாது.

மிலானில் இருக்கும் ‘ரொந்தானினி பியெத்தா’ (இறந்த இயேசுவை மரியாள் தாங்கி நிற்கும் சிற்பம்) இதைவிடச் சிக்கலானது. சாவதற்குச் சில நாள் முன்புவரை, 88 வயதில், அவர் செதுக்கிக்கொண்டிருந்த சிற்பம் அது. இயேசுவின் உடலுக்குப் பக்கத்தில், எதோடும் சேராமல் மெருகேறிய ஒரு கை தனியாகத் தொங்குகிறது. முன்பு செதுக்கிய உருவத்தின் கை அது. மனம் மாறி உடலை வேறிடத்துக்கு நகர்த்திச் செதுக்கியவர் அந்தக் கையை வெட்டவில்லை. வெட்ட நேரமில்லையா, மனமில்லையா? பதில் தெரியாத இடத்தில் பதில் தெரிந்ததுபோல் எழுதுவதுதான் தவிர்க்க வேண்டியது.

நோக்கம் நிச்சயமாகத் தெரியும் இடத்தைக் கவனிக்காமல் விடுவது

உறுதியான சாட்சி வேண்டுமென்றால் பிரெஞ்சுச் சிற்பி ரோதினிடம் போக வேண்டும். அவர் முதன்மையாகக் களிமண்ணில் வனைபவர். அவர் பெயரிலுள்ள பளிங்குச் சிற்பங்களைப் பெரும்பாலும் செதுக்கியவர்கள் பட்டறையின் உதவியாளர்கள். சிற்பி கமீல் குளோதெலின் முகத்தை வைத்துச் செய்த ‘சிந்தனை’யில், மோவாய்வரை மூழ்கிய ஒரு தலை, அதற்குக் கீழே உளித் தடங்களோடு பெரிய கல். செதுக்கியவர் இன்னொருவர் என்பதால், இதற்கு மேல் தொடாதே என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். நேரமின்மை, அலுப்பு, மரணம் என்ற காரணங்களுக்கு அங்கே இடமே இல்லை. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு மோவாய் கல்லைத் தொடும் இடத்தில் சற்று நேரம் நிற்கலாம். உத்தி முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

கைவராததை மறைக்க விடுவது

இனி செய்கிறவர்கள் பக்கம். விரல்கள் சரியாக வரவில்லை, பாதம் வரவில்லை, உடனே ‘முற்றுப்பெறாமை’ கைகொடுக்கிறது. பயிற்சிக் காலத்தில் மிகச் சாதாரணமாக நடப்பது இது. பார்வையாளர் இதைச் சொல்லத் தெரியாவிட்டாலும் உணர்ந்துவிடுவார், ஏனென்றால் விடப்பட்ட பகுதி எப்போதும் கஷ்டமான பகுதியாகவே இருக்கும்.

ரோதினின் ‘நடக்கும் மனிதன்’ சிலைக்குத் தலையும் இல்லை, கைகளும் இல்லை. திருமுழுக்கு யோவான் சிலைக்காகச் செய்த பயிற்சி வடிவங்களிலிருந்து மார்பையும் கால்களையும் எடுத்து இணைத்து, பிறகு 1907இல் பெரிதாக்கியது. இதில் ஒரு நுட்பம். உண்மையில் நடக்கிறவர் காலை முன்னே வைக்கும்போது பின் குதிகால் எழும்பும். இங்கே இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்திருக்கின்றன. நடையின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே உடலில் வைத்துவிட்டார். முகம் இருந்திருந்தால் நாம் முகத்தைப் பார்த்திருப்போம், கைகள் இருந்திருந்தால் சைகையைப் படித்திருப்போம். இரண்டும் இல்லாததால் கண் இடுப்புக்கும் தொடைக்கும் இறங்குகிறது. கைகளை மட்டும் தனியாக எத்தனையோ வடித்த மனிதர் அவர். செய்யத் தெரிந்ததைத்தான் விட்டார்.

ஆகவே ஒரு பகுதியை விடுவதற்கு முன் அதைக் களிமண்ணிலாவது ஒரு முறை முழுதாகச் செய்துவிடுங்கள். அப்புறம் எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் மீதி வலுப்பெற்றால் சரி. வெறும் ஓட்டையாகத் தெரிந்தால் அந்த உறுப்பு அங்கே தேவைப்படுகிறது.

எல்லையை யோசிக்காமல் விடுவது

செதுக்கியதும் செதுக்காததும் சந்திக்கும் கோடுதான் இத்தகைய சிற்பத்தில் மிகக் கடினமான வேலை. அது எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மெருகிலிருந்து அரத் தடம், அதிலிருந்து பல் உளி, பிறகு கூர் உளி என்று படிப்படியாக இறங்கினால் உருவம் கல்லுக்குள் கரைவதுபோல் தெரியும். மெருகு சட்டென்று கரட்டுக் கல்லை முட்டினால் ஒரு கழுத்துப்பட்டை போல இறுக்கம் வரும். இரண்டும் நல்ல வழிகள்தான், ஒரே சிற்பத்தில் காரணமில்லாமல் கலந்தால் மட்டும் கெட்டுவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது: முதலில் எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிட்டு, பிறகு அடிப்பாகத்தில் அலங்காரத்துக்காகக் கூர் உளியால் கொத்துவது. உருவத்தைத் தேடிப்போன உளித் தடத்துக்குத் திசை இருக்கும். அலங்காரத்துக்குக் கொத்திய தடங்கள் எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே அளவு பாதியில் விடுவதும் பலன் தராது. ஓரிடத்திலாவது முழுமை இருந்தால்தான் மற்ற இடத்தின் குறை பேசும்.

எல்லாப் பொருளையும் கல்லாக நினைப்பது

கல்லில் விட்ட பகுதி, சிற்பி வருவதற்கு முன்பே இருந்தது. வெண்கலத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே கரட்டுப் பரப்பையும் யாரோ வனைந்து, அச்செடுத்து, உருக்கி ஊற்றித்தான் ஆக வேண்டும். எனவே வெண்கலத்தில் ‘செதுக்காத கல்’ தோற்றத்தை நகல் எடுப்பது பெரும்பாலும் பொய்யாகவே தெரிகிறது. அந்தப் பொருளுக்கென்று வேறு குறைகள் உண்டு: வார்ப்பின் இணைப்புக் கோடுகள், களிமண்ணில் பதிந்த விரல் தடம், இல்லாமல் விட்ட உறுப்பு. இத்தாலியச் சிற்பி மெதார்தோ ரோஸ்ஸோ மெழுகில் இன்னொரு வழியைக் கண்டார். 1906இல் அவர் செய்த சிறுவனின் முகத்தில் எந்த உறுப்பும் விடுபடவில்லை. கூர்மை மட்டும்தான் இல்லை, மெல்லிய திரைக்குப் பின்னால் இருப்பதுபோல.

எடையை மறப்பதும் இங்கேதான் நேர்கிறது. சிற்பி புரூனோ கத்தலானோவின் வெண்கலப் ‘பயணிகள்’ உருவங்களுக்கு உடலின் நடுப்பகுதியே கிடையாது, பின்னாலிருக்கும் கடலும் தெருவும் அதன் வழியே தெரியும். 2013இல் மார்செய் நகரில் வைத்தபோது மிகவும் பேசப்பட்டவை. மேலுடல் எப்படி நிற்கிறது என்று பார்த்தால், கையில் பிடித்த பெட்டியும் பையும்தான் மேலையும் கீழையும் இணைக்கின்றன. பயணியின் சுமையே அவனைத் தாங்குகிறது. கருத்தும் பொறியியலும் ஒரே இடத்தில் சந்திப்பது அபூர்வம். பளிங்கில் இதை முயன்றால் கணுக்கால் முறிந்துவிடும். அங்கே காலுக்குப் பின்னால் விட்ட கரட்டுக் கல்தான் முட்டுக்கொடுக்கிறது.

விட்டதை நிரப்பத் துடிப்பது

விடுபட்டது என்ன என்று கண்டுபிடித்துவிட்டால் சிற்பம் புரிந்துவிட்டது என்று பார்வையாளர்கள் பலர் நினைக்கிறார்கள். 1506இல் ரோமில் தோண்டியெடுத்த, பாம்புகளோடு போராடும் லாவோகூன் என்ற பூசாரியின் சிற்பத்துக்கு வலக்கை இல்லை. பின்வந்தவர்கள் வானை நோக்கி நீட்டிய ஒரு கையைச் செய்து பொருத்தினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்த உண்மையான கை, தலைக்குப் பின்னால் மடங்கியிருந்தது. உடைந்த சிற்பத்திலேயே ஊகம் இவ்வளவு தவறுமென்றால், வேண்டுமென்று விட்டதில் நிரப்புவதற்கு ஒரு விடைகூட ஒளிந்திருக்காது.

செய்கிறவர்களுக்கும் இதே துடிப்பு வரும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய் எல்லைக்கோட்டை அழித்துவிடுவோம். சந்தேகம் வந்த நாளில் உளியைக் கீழே வைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த உளித் தடங்கள் அப்போது நிழல் பெற்று எழும். நீங்கள் வெறும் கல் என்று நினைத்த இடம் ஏற்கெனவே தோளாகவோ துணியாகவோ தெரிந்தால் அங்கே மேலும் செதுக்காதீர்கள். தெரியாவிட்டால் சிற்பத்தைச் சுற்றி வந்து பின்பக்கத்தையும் அதே விளக்கில் பார்த்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் பல் உளியால் தொடருங்கள். கூடுதலாக எடுத்துவிட்ட கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது.