எச்டி சரியில்லை என்று பெட்டியைத் திட்டும் முன்

திருவாரூர் மாமா வீட்டில் 55 இன்ச் டிவி மாட்டிய மறுநாளே எனக்குப் போன் வந்துவிட்டது. "மாப்ள, எச்டிக்குன்னு தனியா காசு கட்டுறேன். பழைய டிவியே தேவலாம் போல." போய் டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தால், செட்டாப் பாக்ஸிலிருந்து வருவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த பழைய ஏவி ஒயர். எச்டி படத்தைக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ ஒயர் உறை பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது.

அந்த மஞ்சள் முனை வழியாக எச்டி வரவே வராது, எஸ்டி என்கிற பழைய தரம்தான் வரும். எஸ்டி படத்தில் 720×576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். எச்டியில் 1920×1080, சுமார் 20 லட்சம். நாலு லட்சத்தை 55 இன்ச்சுக்கு இழுத்தால் முகமெல்லாம் மாவு பூசின மாதிரிதான் தெரியும். ஒயரை மாற்றிய பிறகும் பாக்ஸின் செட்டிங்கில் 576 என்று இருந்தால் 1080-க்கு மாற்ற வேண்டும். அப்புறம், ஒரே சேனலுக்கு எஸ்டி, எச்டி என இரண்டு நம்பர் இருக்கும். எதைப் பார்க்கிறோம் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்த தவறுதான் பெரியது: ப்ளூரே டிஸ்க்கில் ஒரு படம், டிடிஎச்சில் வேறு எதையோ பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது. இரண்டிலும் 1080 என்றே போட்டிருக்கும். ஆனால் டிஸ்க்கில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் தகவல் வரை இடம் உண்டு. டிடிஎச்சில் பல சேனல்கள் ஒரே அலைவரிசையைப் பங்குபோடுவதால் ஒன்றுக்குக் கிடைப்பது அதில் சிறு பங்குதான். செய்தி வாசிப்பவர் முகத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, பின்னணி அசையாதே! காற்றில் அலையும் குறுவைப் பயிரைக் காட்டட்டும், கல்லணை மதகில் நுரைத்து விழும் தண்ணீரைக் காட்டட்டும். ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு நொடி மாறுகிற காட்சி அது. இடம் போதாமல் தண்ணீர் சதுரம் சதுரமாக உடையும்.

அதற்காக மேட்டூர் திறப்பு நேரலையை வைத்து டிடிஎச்சை எடைபோடாதீர்கள். களத்திலிருந்து மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பும் படம் பல நேரம் சேனலுக்குப் போய்ச் சேரும்போதே உடைந்திருக்கும். ஒரே படத்தின் ஒரே காட்சியை இரண்டிலும் போட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

ஓடிடியில் முதல் சில நொடி மங்கலாகத்தான் இருக்கும், நெட் வேகத்துக்கு ஏற்பத் தரம் ஏறி இறங்கும். நெட்ஃபிளிக்ஸ் 1080-க்கே நொடிக்கு 5 மெகாபிட் வேகம் கேட்கிறது. யூடியூப் என்றால் 'ஆட்டோ'வை விட்டு 1080-ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. நிறைய டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனி பிக்சர் மோடை நினைவில் வைத்திருக்கும். பாக்ஸ் 'விவிட்'டிலும் டிஸ்க் பிளேயர் 'சினிமா'விலும் இருந்தால், "டிஸ்க் டல்லா இருக்கு" என்றுதான் தோன்றும். இரண்டையும் ஒரே மோடில் வைத்துவிட்டுப் பேசலாம்.

படம் மங்கல் என்று மொட்டை மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்புவதும் வீண் வேலை. டிஜிட்டலில் சிக்னல் குறைந்தால் படம் மங்காது. கட்டம் கட்டமாக உடையும், உறையும், அப்புறம் போயே போகும். ஐப்பசி அடைமழையில் நடப்பது அதுதான். அன்றைக்கு எதையும் ஒப்பிட வேண்டாம்.

மாமாவுக்கு இப்போது திருப்தி. மாமி மட்டும் சீரியலை இன்னும் எஸ்டி நம்பரில்தான் பார்க்கிறார். பழகின நம்பராம்.